நிரந்தர வீடு என்ற கட்டத்துக்குள் யார் இருக்கிறார்கள்? யாழ்ப்பாண வீட்டுவசதிக் கணக்கை எப்படி வாசிப்பது

தாவடிச்சந்தி

எங்கள் சனசமூக நிலையத்திடம் வீட்டுத் திட்டத்துக்கு முன்னுரிமைப் பட்டியல் ஒன்று கேட்டிருக்கிறார்கள். வழமையாக என்ன நடக்கும்? தெரிந்தவர், வந்து அழுதவர், கூட்டத்தில் குரல் உயர்த்தியவர் என்று பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். இந்தமுறை அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. 2012 குடிசன, வீட்டுவசதித் தொகைமதிப்பின் கிராம அலுவலர் பிரிவு அட்டவணைகளை அச்செடுத்து, எங்கள் பிரிவின் வரியைக் கட்டம் கட்டமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். யாழ் மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள், 435 கிராம அலுவலர் பிரிவுகள். உங்கள் பிரிவுக்கும் அப்படி ஒரு வரி இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

முதலில் ஒரு விஷயம். 1981க்குப் பிறகு எங்கள் மாவட்டத்தில் அடுத்த முழுமையான தொகைமதிப்பு 2012இல்தான் நடந்தது. 1991இல் நாட்டிலேயே எடுக்கவில்லை. 2001இல் 18 மாவட்டங்களில் மட்டும் முழுமையாக எடுத்தார்கள், அதில் யாழ்ப்பாணம் இல்லை. இடைப்பட்ட 31 வருடங்களில் 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தது, அந்த ஒக்ரோபரில் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள், 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமமே தென்மராட்சிக்கு நடந்தது. இதில் ஒன்றின்போதும் ஒருவரும் வீடுகளை எண்ணவில்லை. கிளிநொச்சியை நீக்கிப் பார்த்தால் 1981இல் 7 இலட்சத்து 38 ஆயிரம் பேர், 2012இல் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர் என்ற இரண்டு நுனிகள்தான் கையில் இருக்கின்றன.

இப்போது வீட்டுக்கு வருவோம். சுவர், கூரை, நிலம் மூன்றும் நிலைத்து நிற்கும் பொருளால் ஆனதென்றால் அது நிரந்தர வீடு. ஒன்று தவறினால் அரை நிரந்தரம். எங்கள் பிரிவில் பெரும்பாலானவை நிரந்தர வீடுகள். அதைப் பார்க்கிற அதிகாரி, இந்தப் பிரிவுக்கு உதவி தேவையில்லை என்றுதானே நினைப்பார்?

ஆனால் அதே தொகைமதிப்பில் வீட்டின் உரித்து யாரிடம் என்ற கேள்வியும் இருக்கிறது. சொந்தம், அரசாங்கத்திடம் வாடகை, தனியாரிடம் வாடகை, வாடகையின்றி வசிப்பவர், அத்துமீறிக் குடியிருப்பவர் என்று பிரித்திருக்கிறார்கள். அந்த "வாடகையின்றி" என்ற கட்டத்தில் நில்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவரின் வளவில், வெளிச்சம் போட்டு, முற்றம் கூட்டி, மாம்பழம் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டு, எந்த நேரமும் எழும்பச் சொல்லலாம் என்ற பயத்தோடு இருக்கிற குடும்பங்கள் அதற்குள்தான் வருகின்றன. ஆறு அறை, போட்டிக்கோ, மாபிள் நிலம். அட்டவணையில் அவர்கள் நல்ல வீட்டில் இருப்பவர்கள். உண்மையில் அவர்களிடம் ஒரு பரப்புக் காணி இல்லை.

ஆகவே என்னுடைய கருத்து இதுதான். அரசாங்கத்தின் கணக்கைத் தூக்கி எறியக்கூடாது, அதை அப்படியே நம்பி இருக்கவும் கூடாது. எந்தக் கேள்விக்கு எந்த எண் வந்தது என்று தெரிந்துகொண்டு, கேட்கப்படாத கேள்விகளை ஊரே கேட்டு, இரண்டையும் ஒன்றாக வைத்துப் பட்டியல் கொடுக்கவேண்டும். உங்கள் உங்கள் ஊர்களில் இந்தக் கட்டங்களுக்குள் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று இந்த இழையில் எழுதுங்கள்.

பருத்தித்துறை ரீச்சர்

தம்பி, 2012இல நானும் கணக்கெடுக்கப் போனனான். அப்ப ரப்லெற் இல்லை, பெரிய தாள்ப் படிவம். முதல்ல கட்டடங்களுக்கு இலக்கம் போட்டு, பிறகு குடும்பம் குடும்பமாக் கேக்கிறது.

நீங்கள் சொன்னதோட இதையும் சேருங்கோ. ஒரு கூரைக்குக் கீழ எத்தினை குடும்பம் எண்டதைத் தீர்மானிக்கிறது சமையல். சமைச்சுச் சாப்பிடுறது ஒண்டாவெண்டால் ஒரு குடும்பம், வேற வேறயெண்டால் ரெண்டு. கரையோரத்தில ஒரு வீட்டுக்குப் போனன். விறாந்தையைப் பழைய சீலையால ரெண்டாப் பிரிச்சுக் கிடந்தது. ஒரு பக்கம் தாயும் தகப்பனும் கலியாணம் கட்டாத மகனும். மற்றப் பக்கம் மகளும் மருமகனும் ரெண்டு பிள்ளையளும். குசினியில ஒரே அடுப்பு, காஸ் சிலிண்டர் ரெண்டு வாங்க வசதியில்லை. அந்த மகள் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "ரீச்சர், எங்களை வேறயாப் போடேலாதோ, எங்களுக்கெண்டு ஒரு வீடு கேட்டுக் குடுத்திருக்கிறம்" எண்டு கேட்டவா. விதிப்படி ஏலாது. ஏழு பேர், ஒரு குடும்பம், நிரந்தர வீடு, சொந்தம். நாலு கட்டமும் நல்ல பக்கம் விழுந்திட்டுது.

வசதியில்லாததாலதான் ஒரே அடுப்பு. ஒரே அடுப்பு எண்டதால ஒரே குடும்பம். ஒரே குடும்பம் எண்டதால வீடில்லாத ஆக்கள் அந்த வீட்டில ஒருத்தரும் இல்லை. எண்ணினது பிழையில்லை, எண்ணுறதுக்கு ஏதோவொரு விதி வேணும்தானே. ஆனால் பட்டியல் போடேக்க இதை மறக்கக்கூடாது.

அரியாலை மேசன்

நான் வீடு கட்டுற ஆள். இந்திய வீட்டுத்திட்டம் தொடங்கினதே எங்கட ஊரிலதான், 2010 நவம்பரில. முதல் 1000 வீடு கொம்பனி கட்டிக் குடுத்தது. 2012 ஒக்ரோபர் 2இல தொடங்கின அடுத்த கட்டத்தில வடக்குக் கிழக்குக்கு 45,000 வீடு. ஆளுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம், திருத்த வேலையெண்டால் 2 இலட்சத்து 50 ஆயிரம். காசு பயனாளியின்ர வங்கிக் கணக்குக்குக் கட்டங்கட்டமா வரும், தானே நிண்டு கட்டவேணும். அந்த முறை நல்ல முறை எண்டுதான் இண்டைக்கும் சொல்லுவன். தன்ர வீட்டை ஆசையாக் கட்டினவை நிறையப் பேர்.

ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில கட்டத் தொடங்கினால் மணலும் கல்லும் கூலியும் என்ன விலைக்குப் போகும்? அத்திவாரக் காசு கையில வரும், அத்திவாரம் முடிச்சுக் காட்டினால்தான் அடுத்தது. இடையில மழை வந்தாலும் சீமெந்து விலை ஏறினாலும் அடைவுகடைக்குத்தான் ஓடவேணும். மகளுக்கு வைச்ச சங்கிலியும் காப்பும் அடைவில மூழ்கிப்போன வீடுகள் எனக்குத் தெரியும். பூச்சு இல்லை, உள்கதவு இல்லை, யன்னலுக்குச் சீமெந்துப் பை. அதுவும் கணக்கில நிரந்தர வீடு. கல்லுச் சுவர், ஓட்டுக் கூரை, சீமெந்து நிலம் இருக்குதுதானே.

நிலையம் கணக்கெடுத்தால் "வீடு முடிஞ்சுதா, அந்த வீட்டால கடன் மிச்சம் கிடக்கா" எண்டு ரெண்டு கேள்வி கட்டாயம் போடுங்கோ.

நல்லூர் வடக்கு

மேசன் அண்ணை சொன்னதோடு 2016ஐயும் ஞாபகப்படுத்தவேண்டும். வடக்குக் கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்று ஆர்சலர் மிட்டல் நிறுவனத்தை வைத்து ஒரு திட்டம் வந்தது. ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா. அதே காலத்தில் மீள்குடியேற்றத்தில் கல் வீட்டுக்குக் கொடுத்த தொகை 8 இலட்சம். அந்தக் காசுக்கு இரண்டு கல் வீடு கட்டலாமே என்று பொறியியலாளர்களும் பொருளியலாளர்களும் ஊர்ச் சங்கங்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். எங்கள் வெயிலுக்கு உருக்குச் சுவர் பொருந்துமா, எங்கள் மேசன்மாருக்கும் கல்லரிகிறவர்களுக்கும் என்ன வேலை மிஞ்சும் என்றெல்லாம் கேட்டார்கள். கடைசியில் திட்டம் நின்றுபோனது.

எதிர்ப்பு வென்றதற்குக் காரணம் கையில் எண் இருந்ததுதான். ஒரு வீட்டின் செலவுக் கணக்கை வரி வரியாக எழுதி மேசையில் வைக்க ஆட்கள் இருந்தார்கள். தாவடிச்சந்தி செய்யப்போகிற வேலை அதனால்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மயிலிட்டி

நீங்கள் எல்லாரும் நிற்கிற வீட்டைப் பற்றிக் கதைக்கிறீர்கள். தொகைமதிப்பு எண்ணுவது நிற்கிற கட்டடங்களை. ஆள் இருந்தால் குடியிருக்கும் வீடு, இல்லையென்றால் வெற்று வீடு. புல்டோசர் போட்டுத் தரைமட்டமாக்கின வீடு எந்தக் கட்டத்தில் வரும்? ஒன்றிலும் வராது. 2012இல் எங்கள் ஊர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. துறைமுகப் பக்கம் விட்டது 2017 ஜூலையில். போய்ப் பார்த்தபோது எங்கள் வளவின் எல்லையைக் கிணற்றை வைத்துத்தான் பிடித்தோம். அப்பாவிடம் உறுதி பத்திரமாக இருந்தது, வீட்டின் ஒரு கல் இல்லை.

முகாமில் இருந்த காலத்தில் எங்களை முகாம் இருந்த பிரிவில் எண்ணினார்கள். ஆகவே மல்லாகத்திலும் கோணப்புலத்திலும் கொட்டில்கள் கூடின, மயிலிட்டியில் இழப்பு என்று ஒன்றும் பதியவில்லை. வலிகாமம் வடக்கில் இன்னும் விடாத காணிகள் இருக்கின்றன. அந்தக் குடும்பங்களை உங்கள் நிலையம் எந்த ஊர்க் கணக்கில் சேர்க்கும்? உங்கள் பிரிவில் வாடகைக்கு இருந்தால் தயவுசெய்து "சொந்த ஊர் எது, அங்கே காணி உண்டா, வீடு நின்றதா" என்று கேட்டு எழுதுங்கள்.

தாவடிச்சந்தி

மயிலிட்டி, எழுதியதற்கு நன்றி. எங்கள் பிரிவிலேயே அப்படி இருக்கிற குடும்பங்கள் உண்டு. கேள்வியை அப்படியே சேர்க்கிறேன்.

சோனகதெரு

எங்கட நிலைமையும் இதேதான், இன்னொரு மாதிரி. 1990இல புத்தளம் போன குடும்பம், ஒண்டு நாலாய் ஐந்தாய்ப் பெருகிட்டுது. வழமையா வசிக்கிற இடத்திலதான் எண்ணுறது, அதனால புத்தளத்துக் கணக்கில இருக்கிறம். இங்க வாப்பாவின்ர பேரில அரைப் பரப்பும் இடிஞ்ச சுவரும். திரும்பி வரவிரும்புற நாலு குடும்பத்துக்கும் அந்த அரைப் பரப்பு எப்படிக் காணும்? வீடு கேட்டுப் போனால் "நீங்கள் இங்க வசிக்கேல்லையே" எண்டு ஒரு கந்தோரிலயும், "உங்களுக்கு அங்க காணி இருக்குதே" எண்டு மற்றக் கந்தோரிலயும் சொன்னவை. ரெண்டு மாவட்டத்திலயும் எங்களுக்குப் பட்டியல் இல்லாமப் போச்சு.

இணுவில் இளையவன்

சனத்தொகை குறைந்ததால்தானே எங்கள் பாராளுமன்ற ஆசனமும் குறைந்தது? 2010இல் 9, பிறகு 7, 2024இல் 6. வெளிநாட்டில் இருப்பவர்களையும் தொகைமதிப்பில் போட்டுவிட்டிருந்தால் இப்படி வந்திருக்காதே.

நல்லூர் வடக்கு

இல்லைத் தம்பி. ஆசனங்களைப் பிரிப்பது வாக்காளர் இடாப்பை வைத்து. அது தேர்தல் ஆணைக்குழுவின் வேலை. தொகைமதிப்பு எடுப்பது தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் வேலை. கனடாவில் இருப்பவரை இங்கே இருப்பதாகச் சொன்னால், ஒரு வீட்டில் ஆள் இருப்பதாகப் பதியும். வெற்று வீடுகளின் எண்ணிக்கை குறைந்து தெரியும், நாங்கள் பார்க்கவேண்டிய பிரச்சினையே மறைந்துபோகும். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ஸ்காபரோ மகன்

எங்கட வீடு சாவகச்சேரிப் பக்கம், 15 வருசமாப் பூட்டிக் கிடக்கு. குடுக்க விருப்பமில்லாமல் இல்லை, பயம். 10 வருசம் இருந்தால் காணி அவைக்கு எண்டு இங்க எல்லாரும் சொல்லுகினம். ஒரு நல்ல குடும்பத்தை இருத்த வழி இருக்கோ?

நீதிமன்ற வீதி

அண்ணா, அந்தப் பயத்தால்தான் நூற்றுக்கணக்கான வீடுகள் ஆலமரம் முளைத்து விழுகின்றன. 10 வருட ஆட்சி என்பது உரிமையாளரின் உரித்தை ஏற்காமல், தன்னுடையது என்று எதிராக ஆண்டவருக்குத்தான். உங்கள் அனுமதியோடு இருக்கிறவர் எத்தனை வருடம் இருந்தாலும் அந்த அனுமதியின் கீழ்தான் இருக்கிறார். ஆகவே எழுத்தில் செய்யுங்கள். நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்து, அவர் மூலம் குத்தகை உடன்படிக்கையோ அனுமதிக் கடிதமோ எழுதி, இரு பகுதியும் ஒப்பமிட்டு, காலம் முடிய முடியப் புதுப்பியுங்கள். சிறு தொகையானாலும் வாடகைக்குப் பற்றுச்சீட்டு வையுங்கள். வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு குடியிருப்பவருக்கும் இருக்கலாம், அதையும் உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டு எழுதுவது நல்லது. சீதனமாக வந்த வீடென்றால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின் கீழ் உரித்து யாருடையது, யார் ஒப்பமிடவேண்டும் என்பதை முதலில் பாருங்கள். சகோதரங்களுக்குப் பிரிக்காத முதுசொம் (பரம்பரைச் சொத்து) என்றால் எல்லாரும் சேர்ந்துதான் எழுதவேண்டி வரும்.

கிணற்றடி

தண்ணீரையும் மலகூடத்தையும் ஒருவரும் தொடவில்லை. அந்த அட்டவணைகளில் யாழ்ப்பாணம் மிக அழகாக இருக்கும். வளவுக்குள் கட்டுக்கிணறு, நீரடைப்பு மலகூடம். இரண்டும் நல்ல கட்டங்கள். ஆனால் அவை இரண்டு தனித்தனி அட்டவணைகள். கிணற்றுக்கும் மலகூடக் குழிக்கும் இடையில் எத்தனை அடி என்று எந்த அட்டவணையும் கேட்கவில்லை.

எங்கள் நிலத்துக்கடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. குழியில் விடுவது மண்ணில் வடிந்து சுத்தமாக நேரமில்லாமல் கிணற்றுக்குப் போகும். இரண்டு பரப்புக் காணியை எடுங்கள், 20 பேர்ச். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 22 மீற்றர் சொச்சம். 30 மீற்றர் இடைவெளி வேண்டுமென்றால் கிணறு ஒரு மூலையிலும் குழி எதிர் மூலையிலும் இருந்தால்தான் சரிவரும். அப்படி வைத்தாலும் அந்தக் குழி பக்கத்து வளவுக் கிணற்றுக்குப் பக்கத்தில் போய்விடும். வீட்டுத் திட்டத்தில் இரண்டு பரப்பு மூன்று பரப்பாக நெருக்கி வீடுகள் கொடுத்த இடங்களில் இதுதான் நடக்கிறது.

இதற்கு மேல் வலிகாமத்துத் தோட்டங்களின் பசளை. உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணீரில் நைத்திரேற்றுக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இங்கே அதைத் தாண்டிய கிணறுகள் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற இன்னும் செறியும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீடுகளுக்கு இதைச் சொல்லியே ஆகவேண்டும். கணக்கெடுக்கப் போகிற பிள்ளைகளிடம் ஓர் அளவு நாடாவைக் கொடுத்துவிடுங்கள். கிணற்றுக் கட்டிலிருந்து குழியின் மூடிவரை அளந்து எழுதட்டும். தங்கள் குழி மட்டுமில்லை, மதிலுக்கு அந்தப்பக்கக் குழியும்.

பருத்தித்துறை ரீச்சர்

இது ஒருத்தருக்கும் தோன்றாத கேள்வி. பங்குக் கிணறெண்டால் எத்தினை வீட்டுக்குப் பங்கு எண்டதையும் கேளுங்கோ.

வட்டுத் தெற்கு

எங்கட சின்னம்மா தனி ஆள், கலியாணம் கட்டேல்லை, 60 தாண்டிட்டுது. கொட்டில் வீடு. வீட்டுத்திட்டத்துக்குப் புள்ளி போட்டவை. பிள்ளைகள் இருந்தால் புள்ளி, ஆள் கூட எண்டால் புள்ளி. சின்னம்மாவுக்குப் புள்ளி போதாமப் போச்சு. மேன்முறையீடு எழுதிக் குடுத்தம், பதில் வரேல்லை. அதே கிடுகைத்தான் ஒவ்வொரு மாரிக்கும் மாத்துறா. தனியா இருக்கிற வயதான பொம்பிளையளை ஒரு தனி வரியாப் போடுங்கோ, குடும்ப அளவில மூழ்கவிடாதேங்கோ.

தாவடிச்சந்தி

வட்டுத் தெற்கு, சின்னம்மாவின் மேன்முறையீட்டுக்கு ஒரு வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அந்தக் கந்தோரின் தகவல் அலுவலருக்கு எழுதி, சின்னம்மாவுக்குப் போட்ட புள்ளிகளின் பிரிப்பையும் தெரிவுக்கான அளவுகோலையும் கேளுங்கள். 14 வேலைநாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்கவேண்டும். வராவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் பிறகு ஆணைக்குழு. சின்னம்மாவே ஒப்பமிட்டுக் கேட்கட்டும், அவருடைய சொந்தத் தகவல் என்பதால், வேறொருவரின் தனிப்பட்ட தகவல் என்று சொல்லி மறுக்க இடமிருக்காது.

தொகைமதிப்பில் தனி ஆட்களின் விபரத்தைக் கேட்காதீர்கள். அது சட்டப்படி இரகசியம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். நாங்கள் கேட்கவேண்டியது பிரிவு வாரியான கூட்டுத்தொகை. நல்ல உதாரணம், "வாடகையின்றி வசிக்கும் குடும்பங்கள், பெண் தலைமை தாங்குபவை எத்தனை, அல்லாதவை எத்தனை" என்று இரண்டு விடயத்தைக் குறுக்காக வைத்துக் கேட்பது. மாவட்ட செயலகத்தின் புள்ளிவிபரக் கைநூலிலும் பிரதேச செயலக மட்டத்தில் வீட்டுத் தேவை இருக்கும். அதற்குரிய விபரம் எங்கள் கிராம அலுவலர்கள் கொடுப்பதுதான். தொகைமதிப்பின் எண்ணும் கைநூலின் எண்ணும் பொருந்தாவிட்டால் பதறவேண்டாம். ஒன்று வீடு வீடாகப் போய் எடுத்தது, மற்றது பதிவேட்டில் கூட்டிக் கழித்தது. எந்த ஆண்டு, யார் எடுத்தது என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் நிலையத்தின் படிவத்தில் இப்போது இருப்பவை: அடுப்பு எத்தனை, கூரைக்குக் கீழ் திருமணமானவர்கள் எத்தனை சோடி, வீட்டின் உறுதி யார் பேரில், எழுத்தில் அனுமதி உண்டா, கட்டி முடிந்ததா, கட்டின கடன் மிச்சமா, சொந்த ஊர் எது, அங்கே வீடு நின்றதா, கிணற்றுக்கும் குழிக்கும் தூரம், தனியாக இருக்கும் முதியவர். பெயர்கள் நிலையத்தின் புத்தகத்தில் மட்டும் இருக்கும். கூட்டத்தில் எண்களை மட்டும் வாசிப்போம். ஒரு வீட்டின் கடனை ஊர் முழுக்கக் கேட்க விடமாட்டேன்.

நாவாந்துறை

வெள்ளத்தை விட்டிட்டியள். 2008 நிஷா புயலுக்கும் 2020 புரெவி புயலுக்கும் எங்கட பக்கம் தண்ணி வீட்டுக்குள்ள. கல்லு வீடு, சீற்றுக் கூரை, மாபிள் நிலம், எல்லாம் நிரந்தரம். கட்டில்ல ஏறி இருந்து விடியும்வரை பிள்ளையளை மடியில வைச்சிருந்தம். தண்ணி வந்த வீடோ, எந்த மட்டத்துக்கு வந்தது எண்டு ஒரு கேள்வி வேணும். சுவரில கறை இருக்கும், அளக்கலாம்.

தாவடிச்சந்தி

சேர்த்துவிட்டேன். கறையின் உயரம் அங்குலத்தில், எந்த வருடம் என்பதோடு. படிவத்தைத் தட்டச்சுச் செய்து இந்த இழையிலேயே போடுகிறேன், வேறு நிலையங்களும் எடுத்துப் பாவிக்கலாம்.

அரியாலை மேசன்

போடுங்கோ தம்பி. எங்கட பக்கத்துக்கு நான் கொண்டுபோறன்.